மூன்றாவது முட்டி

பாலையூற்றிலிருந்து மல்லிகைத்தீவுக்கு
ஒரு மணித்தியாலம் என்பார் பஸ் ஓட்டுகிற தவராசா.
எங்களுக்கு ஒரு காலை முழுக்க வேண்டும்.

மாருதியின் இடப்பக்கக் கண்ணாடி
போன மாரியில் பாதியில் இறுகியது.
ஏற்றவும் ஏலாது, இறக்கவும் ஏலாது.
அந்தப் பாதியால் வருகிற காற்று எனக்குப் போதும்.
தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகக் கொடுக்கிறேன்,
றோட்டில் வைத்த கண்ணை எடுக்காமல்
வாயை மட்டும் திறக்கிறார் இவர்.

மச்சாளின் கோல் வரும்.
"எங்க நிக்கிறியள்?"
"கிட்ட வந்திட்டம், உலை வை" என்பார்,
தம்பலகாமச் சந்தியில் தயிருக்கு விலை கேட்டுக்கொண்டே.

மூன்று முட்டி வாங்குவார்.
மச்சாளுக்கு ஒன்று,
கட்டைபறிச்சானில் என் தங்கச்சிக்கு ஒன்று.
மூன்றாவது யாருக்கென்று நான் கேட்பதில்லை.
அது என் மடியில் வரும்;
பின்சீட்டில் வைத்தால் சரிந்துபோகுமாம்.
மற்ற இரண்டும் பின்சீட்டில்தான் வருகின்றன.

பிறகு பெரிய றோட்டை விட்டு
வாய்க்கால் கட்டால் திருப்புவார்.
"லொறிக் கரைச்சல்" என்பார்.
ஞாயிற்றுக்கிழமையில் எந்த லொறி?

தாரில் பாதிக்கு நெல் காயும்.
ஒரு மணியிலும் சக்கரம் படக்கூடாதென்று
ஒரு பக்கம் புல்லில் ஏறி
கப்பல் போலச் சரிந்து போவோம்.
யானைவேலிக் கம்பியில் ஒரு மீன்கொத்தி,
கரண்ட் இல்லாத நேரம் அதற்கு எப்படித் தெரியுமோ.
சேறு பூசிய எருமை நடுவழியில் நின்று
எங்களை யோசிக்கும்.
இவர் ஹோன் அடிக்கமாட்டார்.
அது யோசித்து முடியட்டும் என்று எஞ்சினை நிற்பாட்டுவார்.

ஒரு காலம் நின்றது வேறு.
கிண்ணியாத் துறையில் பாதை வரும்வரை நின்றோம்;
மிதக்கிற பலகைக்கு இங்கே பாதை என்று பெயர்.
இறங்கு என்றால் இறங்கி, நட என்றால் நடந்து,
பிள்ளையின் பால்மாப் பேணியைத் திறந்து காட்டி நின்றோம்.
இப்போது பாலம் இருக்கிறது, மறிப்பார் இல்லை.
நினைத்த இடத்தில் நிற்கிற ருசி
இவருக்கு இன்னும் தீரவில்லை
என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன்.

கள்ளிமேட்டில் ஒரு நீலக் கேற்.
அங்கே மாத்திரம் இவர் நிற்பதில்லை.
மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவது,
இரண்டிலிருந்து ஒன்று.
கேற் பின்னால் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு
வேகம் எடுப்பார்.
உள்ளே இவருடைய தம்பி, கோணேசமூர்த்தி.
கேட்காமல் வித்துப்போட்ட ஒரு வாட்டர் பம்ப்,
அதற்குப் பிறகு ஏழு வருசம்.
மூன்றாவது முட்டி எங்களோடு வீட்டுக்குத் திரும்பும்.
கிழமை முழுக்கத் தயிரும் சோறும்.

போன ஞாயிறு
கேற்றுக்கு நேரே கார் நின்றது.
"றேடியேற்றர் கொதிக்குது" என்றார் என்னைப் பாராமல்.
முள் பச்சையிலேயே கிடந்தது.
நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்,
ஓலை மூடியில் ஒரு எறும்பு
சுற்றிச் சுற்றி வந்தது.

நாய் குரைத்தது. கேற் கிறீச்சிட்டது.
சாரத்தை மடித்துக்கட்டியபடி வந்தவர்
என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.
போய்விட்டார் என்றுதான் நினைத்தோம்.

ஒரு வாளி தண்ணீரோடு வந்தார்.
பொனற்றைத் தூக்கி
மூடியில் விரல் வைத்தார்.
பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தார்.

"நல்லாத்தான் கொதிக்குது" என்றார்.
"ஆற நேரம் எடுக்கும்.
அண்ணி, இறங்குங்கோ."

என் கைப்பையில் கோல் அடித்தது,
மல்லிகைத்தீவிலிருந்து.
இவர் எடுத்தார்.
"கிட்ட வந்திட்டம்" என்றார்.
குரல் கொஞ்சம் பிசகியது.
உலை எத்தனை தரம் வற்றியிருக்குமோ.